மறு: படுக்கைப்புண், அழுத்தப்புண் – 'அழுந்துகன்றல்' சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

உடம்பில் ஒரே இடம் நெடுநேரம் அழுந்துவதால் வரும் 'bedsore', 'pressure ulcer' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற நம் பேச்சில், 'அழுத்தப்புண்' என்றே வைத்துக்கொள்வோம் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் தாதியாக வேலை செய்யும் எனக்கு அந்தச் சொல் போன கிழமை கைகொடுக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு அம்மா, முப்பது வருசம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். "அழுத்தப்புண் வந்துரும், கொஞ்சம் திரும்பிப் படுக்கணும்மா" என்றேன். "எனக்குப் பிரஷர் இல்லையே புள்ள, சீனி மட்டுந்தானே" என்றார். எங்கள் ஆட்களுக்கு அழுத்தம் என்றாலே இரத்த அழுத்தம்தான். சீனிக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு, காலில் புண் வருவதுபோல, பிரஷர்காரருக்கு வருவது இது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

'படுக்கைப்புண்' எல்லோருக்கும் விளங்கும். அது விளங்கும் விதம்தான் எனக்குக் கவலை. "படுத்த படுக்கையாக் கெடந்தா வரத்தானே செய்யும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் நாள் முழுக்க இருப்பவருக்கும் வருகிறது, ஒட்சிசன் குழாய் உறுத்தும் காதுமடலுக்குப் பின்னாலும் வருகிறது.

'புண்' என்பதும் இடறுகிறது. முதல் நிலையில் தோல் உடைவதே இல்லை. அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு 2016இல் 'புண்'ணை விட்டு 'ஊறு' என்ற பொருளுள்ள சொல்லுக்கு மாறியது இதனால்தான். நம் நிறத்துத் தோலில் சிவப்பும் சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்தால் சூடு தெரியும். தொட்டால் இறுக்கமும் நோவும் தெரியும். புண்ணைத் தேடுகிறவர் கண்ணில் இது படாது.

அந்த அம்மாவின் குதிகாலைத் தூக்கி, மகளின் புறங்கையை அதில் வைத்துக் காட்டினேன். தாய் முகத்தைச் சுளித்துவிட்டுக் கேட்டார்: "கூடைக் கயிறு அமுத்தி உச்சந்தலை கன்னிப்போவும்ல, அந்த மாதிரியா?" அதே மாதிரிதான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று கன்றிப்போவது. அன்று மத்தியானத்திலிருந்து திருப்பிப் படுக்கவைக்க அவரே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

ஆகவே தோல் உடையாத நிலைக்கு 'அழுந்துகன்றல்', உடைந்த பிறகு 'அழுந்துபுண்' என்று வைக்கலாமா? இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது. 'அழுத்தம்' என்ற வடிவம் வராததால் பிரஷர் குழப்பமும் குறையும். 'கன்றல்' எழுத்தில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தாலும், வாயால் சொல்லும்போது 'கன்னிப்போறது' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்து நண்பர்களே, கூடைக் கயிற்றுத் தழும்புக்கு உங்கள் தோட்டங்களில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள்.