உபுண்டு 22.04: கர்னல் மாறியதும் திரை 1024×768-ல் நிற்கிறது. நூவோ, என்விடியா மோதலா?

கிண்டி_டெஸ்க்டாப்
கிண்டியில் சிறிய அலுவலகம் ஒன்றில் உள்ள டெஸ்க்டாப். ரிச்சி தெருவில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. என்விடியா தளத்தின் .ரன் கோப்பு வழியாக 535 டிரைவர் போட்டிருந்தது. நெடுநாள் கழித்து அப்டேட் செய்ததில் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 6.2-லிருந்து 6.8-க்குப் போய்விட்டது. அன்றிலிருந்து திரை 1024×768-ஐத் தாண்டவில்லை. பழையதை நீக்காமல் உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக 535-ஐ மறுபடி போட்டேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' மட்டும் டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. 'எல்எஸ்பிசிஐ -கே' போட்டால் கார்டுக்குக் கீழே 'கர்னல் மாட்யூல்ஸ்: என்விடியாஎஃப்பி, நூவோ' என்று வருகிறது. லினக்ஸோடு வரும் திறந்தமூல டிரைவரான நூவோதான் குறுக்கே நிற்கிறதா? ஃபார்மட் செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

பெரம்பூர்_கர்னல்
ஃபார்மட் தேவையே இல்லை சார். நூவோவின் மீதும் தப்பில்லை.

அந்த வெளியீட்டில் வராத வரியைக் கவனியுங்கள்: 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'. ஒரு கார்டை ஒரு நேரத்தில் ஒரு மாட்யூல்தான் (கர்னலில் ஏறும் டிரைவர்) பிடிக்க முடியும். எது முந்திப் பிடித்ததோ அதன் பெயர் அந்த வரியில் வரும். நீங்கள் காட்டும் 'கர்னல் மாட்யூல்ஸ்' வரி, இந்தக் கார்டுக்குப் பொருந்தக்கூடியவை எவை என்று மட்டும்தான் சொல்கிறது. அதாவது கார்டு இப்போது யார் கையிலும் இல்லை. நூவோவைத் தடுக்க .ரன் கோப்பு எழுதிவைத்த தடைக் கோப்பு இன்னும் கிடக்கிறது. என்விடியா மாட்யூலோ 6.8-க்குக் கட்டப்படவே இல்லை. ஃபர்ம்வேர் கொடுத்த அடிப்படைத் திரையில் சிபியுதான் எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது. 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி' போட்டால் 'எல்எல்விஎம்பைப்' (சிபியுவில் வரையும் மென்பொருள்) என்று வரும், பாருங்கள்.

ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டித்தரும் கருவி டிகேஎம்எஸ். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்ன சொல்கிறது? அப்படிக் கட்டத் தேவைப்படும் ஹெடர்ஸ் பொதி 6.8-க்கு இருக்கிறதா?

கிண்டி_டெஸ்க்டாப்
எல்எல்விஎம்பைப்தான் வருகிறது. டிகேஎம்எஸ்-இல் இரண்டு என்விடியா வரிகள், இரண்டும் 535, கடைசி எண்கள் மட்டும் வேறு. ஒன்று 6.2-க்கு 'இன்ஸ்டால்டு', மற்றது வெறும் 'ஆடட்'. ஹெடர்ஸ் 6.2-க்கு மட்டுமே இருக்கிறது.

பெரம்பூர்_கர்னல்
அதுதான் காரணம். பல வழிகாட்டிகளில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-' என்பதோடு 'யூநேம் -ஆர்' விடையை ஒட்டி நிறுவச் சொல்வார்கள். அது அன்றைக்கு ஓடும் கர்னலுக்கு மட்டும் ஹெடர்ஸ் தரும். அடுத்த கர்னல் ஹெடர்ஸ் இல்லாமல் வந்து இறங்கும். அப்போது டிகேஎம்எஸ் பிழை என்று நிற்காது. 'ஹெடர்ஸ் இல்லை, தவிர்க்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ஆப்ட் ஓட்டத்தில் அந்த வரி கண்ணில் படாது.

கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி டெர்மினலுக்குப் போய், இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் 'சூடூ என்விடியா-அன்இன்ஸ்டால்'. .ரன் போட்டதை அதன் கையாலேயே எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கோப்புகள் ஆப்டின் கணக்கிலேயே கிடையாது. பிறகு 'என்விடியா-', 'லிப்என்விடியா-' என்று தொடங்கும் பொதிகளை 'ஆப்ட் பர்ஜ்' போட்டு முழுதாக நீக்குங்கள். டிகேஎம்எஸ்-இல் பழைய வரி மிச்சமிருந்தால் 'டிகேஎம்எஸ் ரிமூவ்' போட்டு நீக்குங்கள்.

அடுத்து /இடிசி/மோட்புரோப்.டி, /யுஎஸ்ஆர்/லிப்/மோட்புரோப்.டி இரண்டிலும் 'நூவோ' என்ற சொல்லை 'கிரெப்' கொண்டு தேடி, தடைக் கோப்பை அழியுங்கள். /இடிசி/எக்ஸ்11-இல் திரை அமைப்புக் கோப்பான எக்ஸ்ஆர்க்.கான்ஃப் இருந்தால் பெயரை மாற்றிவையுங்கள். அது என்விடியாவைத்தான் ஏற்று என்று கட்டாயப்படுத்தினால், நூவோ வந்தாலும் கறுப்புத் திரைதான். பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்'. இதை விட்டுவிடாதீர்கள். தடைக் கோப்பின் ஒரு பிரதி, பூட்டின்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-க்குள்ளும் இருக்கும், வெளியே அழித்தது அங்கே தெரியாது.

ரீபூட் செய்து 'இன் யூஸ்: நூவோ' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் கார்டு, கேபிள், டெஸ்க்டாப் மூன்றும் சரி என்று உறுதியாகிவிடும். அதன் பிறகே 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04', பின்னர் 'என்விடியா-டிரைவர்-535'. முன்னதில் கர்னல் எண் இல்லை. அதனால் ஒவ்வொரு கர்னலோடும் அதற்குரிய ஹெடர்ஸும் தானாக வரும்.

மாட்யூல்_மயிலை
மேலே சொன்னதில் ஓரிடத்தில் எனக்கு வேறு கருத்து. அலுவலகக் கணினிக்கு டிகேஎம்எஸ் எதற்கு? 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04' என்ற பொதியில் மாட்யூல் உபுண்டுவே கட்டிக் கையெழுத்திட்டதாக வரும். ஹெடர்ஸ், ஜிசிசி கம்பைலர் எதுவும் வேண்டாம். டிரைவர் பொதியையும் இதையும் ஒரே 'ஆப்ட் இன்ஸ்டால்' வரியில் கொடுங்கள்.

டிகேஎம்எஸ் வழிதான் என்றால் முதலில் 'மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' போட்டு செக்யூர் பூட் நிலையைப் பாருங்கள். அது இயங்கும்போது கையெழுத்து ஏற்கப்படாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. 'மோட்புரோப் என்விடியா' என்றால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வரும். நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை எழுதிவைத்துக்கொண்டு, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' (உங்கள் கணினியின் கையெழுத்துச் சாவியைப் பதிவது) தேர்ந்தெடுக்க வேண்டும். சில நொடிகள்தான் காத்திருக்கும். தவறவிட்டால் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் அடைவில் உள்ள மோக்.டிஇஆர் கோப்பை 'மோக்யூட்டில் --இம்போர்ட்' மூலம் மறுபடி கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

இன்னொன்று: பின்னொரு நாள் 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று வந்தால் எதையும் பர்ஜ் செய்யாதீர்கள். பின்னணி அப்டேட் லைப்ரரியை மாற்றியிருக்கும், நினைவகத்தில் பழைய மாட்யூலே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ரீபூட் போதும்.

கிண்டி_டெஸ்க்டாப்
நூவோவில் 1920×1080 வந்தது. பிறகு மயிலை சார் சொன்ன பொதி வழியாகவே போட்டேன். 'இன் யூஸ்: என்விடியா'. இருவருக்கும் நன்றி.