எக்ஸாஸ்ட் ஃபேன்: மீட்டர் ஒரு கணக்கு சொல்கிறது, பை ஒரு கணக்கு சொல்கிறது

கேள்வி:
குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது, ஆனால் குளித்து அரை மணி நேரம் கழித்தும் கண்ணாடியில் ஆவி அப்படியே இருக்கிறது. பெட்டியில் மணிக்கு 180 கன மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். வெளியே 4 அங்குலக் குழாய் வாயின் நடுவில் அனிமோமீட்டரை (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) பிடித்தேன், நொடிக்கு 6 மீட்டர். குழாயின் பரப்பு 0.00785 சதுர மீட்டர், பெருக்கினால் மணிக்கு 170 வருகிறது. சரி, ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் 200 லிட்டர் குப்பைப் பையை அதே வாயில் பிடித்தால் விறைப்பாக உப்ப 7 நொடி ஆகிறது, அதாவது மணிக்கு 103தான். எதை நம்புவது?

பதில் 1:
இப்போதைக்கு இரண்டையும் நம்பாதீர்கள். குழாயின் நடுவில் காற்று வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் வரும், ஆனால் பரப்பு அதிகம் இருப்பது ஓரத்தில்தான். பாதி ஆரத்துக்குள் அடங்கும் வட்டம் மொத்தப் பரப்பில் கால் பங்குதான். அதனால் எட்டுப் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள், ஓரத்தில் கூடுதல் இடங்கள் இருக்கட்டும்.

பையில் வேறு சிக்கல். உப்பி முடியும் நேரத்தில் உள்ளே அழுத்தம் ஏறி, ஃபேன் திணறும், கடைசி ஒரு நொடி வீணாகப் போகும். பையைச் சுருட்டிக் காற்றில்லாமல் பிடித்து, மடிப்புகள் விரிந்ததும், விறைப்பதற்கு முன்பே நேரத்தை நிறுத்துங்கள். ஐந்து தடவையாவது செய்யுங்கள்.

பதில் 2:
பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் குழாயே மாட்டாமல் அளந்தது. உட்கூரைக்கு மேல், ஃபேனிலிருந்து வெளியே போகும் நெளிகுழாய் எப்படிப் போகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன். பத்து இடங்களின் சராசரி நொடிக்கு 4.2 மீட்டர், கணக்குப்படி மணிக்கு 119. பை 6 நொடி, 120! இரண்டும் ஒன்றாக வந்ததில் அவ்வளவு சந்தோஷம். மேலே ஏறிப் பார்த்தால் நெளிகுழாய் ஒரு உத்திரத்தின் மேல் மடங்கி நசுங்கிக் கிடக்கிறது, மிச்ச நீளம் சுருங்கி மூலையில் குவிந்திருக்கிறது. மிச்சத்தை வெட்டிவிட்டு இழுத்து நேராக்கினேன். இப்போது பை நாலரை நொடி, மணிக்கு 160.

பதில் 1:
அருமை. இனி குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தடவை அளந்து பாருங்கள். நேரம் கூடினால் கதவடியில் இடைவெளி போதவில்லை, உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

கேட்டவர்:
கதவு சாத்தினால் ஐந்தரை. நாளைக்கே கதவின் அடியைக் கொஞ்சம் இழைத்துவிடுகிறேன்.