கொலம்போ பீட்டர் ஃபால்க்கை விழுங்கிவிட்டதா?

நடுநிசி:
ஒரு மாசமா ராத்திரி ராத்திரி உட்கார்ந்து, பீட்டர் ஃபால்க் துப்பறியும் போலீஸா நடிச்ச அமெரிக்க டிவி தொடர் 'கொலம்போ' முழுசையும் பார்த்து முடிச்சேன். மொத்தம் 69 கதை. முதல் டிவி படம் 1968-ல, கடைசி 2003-ல. 35 வருஷமா அதே கசங்கின மழைக்கோட்டு, அதே சுருட்டு, அதே லொடலொட பியூஜோ கார். ரசிச்சுத்தான் பார்த்தேன், இல்லேங்கல. ஆனா இந்த ஃபால்க் 1960-லயே 'மர்டர், இன்க்.' படத்துல கூலிக்குக் கொலை பண்றவனா வந்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கினவர். மறு வருஷமே டைரக்டர் ஃபிராங்க் காப்ரா படத்துக்கு இன்னொண்ணு. அப்படி ஆரம்பிச்ச ஆளை டிவி ஒரு கோட்டுக்குள்ள போட்டுப் பூட்டிடுச்சு. ஒரு பெரிய நடிகர் வீணாப் போனார்னுதான் எனக்குத் தோணுது. மறுக்கிறவங்க வாங்க. கொலம்போ மாதிரி 'இன்னும் ஒரே ஒரு விஷயம்'னு ஆரம்பிக்கிறவங்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
வகுத்துப் பாருங்க தம்பி. 35 வருஷத்துல 69. வருஷத்துக்கு ரெண்டுகூட முழுசா வரல. என்.பி.சி. சேனல்ல அது வாராவாரம் வந்த தொடரே இல்ல. 'மெக்லவுட்', 'மெக்மில்லன் அண்ட் வைஃப்'னு மத்த தொடர்களோட முறை வச்சு ஓடினது. ஒரு சீசனுக்கு ஆறு, ஏழு, மிஞ்சினா எட்டு. 76-77-ல வெறும் மூணு. 1978-ல நின்னது, ஏ.பி.சி. சேனல்ல 89-லதான் திரும்ப வந்துச்சு. நடுவுல 11 வருஷம் கோட்டு ஆணியில தொங்கிச்சு. பூட்டி வச்சவனுக்கு இவ்வளவு லீவு யார் குடுப்பா?

சுண்டல்:
69-ஐயும் ஒரே மாசத்துல பார்த்துட்டு 'வீணாப் போனார்'னு சொல்றீங்களே அண்ணே. வீணாப் போனது யாரு? 😄

பழையரீல்:
நடுநிசி அவர்கள் கதையை 1960-இல் தொடங்குகிறார். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மூன்று வயதில் கண்ணில் புற்றுநோய் வந்து வலது கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கண்ணாடிக் கண்தான். படித்தது பொது நிர்வாகத்தில் முதுகலை, சிரக்யூஸ் பல்கலைக்கழகம், 1953. வேலை, கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் துறையில். எந்த அலுவலகத்தில் எப்படிச் செலவைக் குறைக்கலாம் என்று கோப்பு பார்க்கிற உத்தியோகம்! ஹார்ட்ஃபோர்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு ஈவா லு காலியன் அம்மையாரின் நடிப்பு வகுப்புக்குப் போவார். அது தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு; இவர் பொய் சொல்லிச் சேர்ந்தவர். பெரும்பாலும் தாமதம். ஒரு நாள் அந்த அம்மாள் பிடித்துக் கேட்க, நான் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொண்டாராம். அப்படியானால் நடிகனாகத்தான் ஆக வேண்டும் என்றாராம் அவர். வேலையை விட்டபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது.

கொலம்பியா ஸ்டுடியோவில் ஒரு சோதனைப் படப்பிடிப்பு நடந்தது. இதே காசுக்கு இரண்டு கண் உள்ள நடிகன் கிடைப்பானே என்று முதலாளி ஹாரி கோன் கையை விரித்தார் என்பது ஃபால்க்கே பல முறை சொன்ன கதை. ஹாலிவுட் அவருக்குச் சிம்மாசனம் போட்டு வைத்திருந்ததைப் போலவும், டிவி குறுக்கே வந்து கெடுத்ததைப் போலவும் பேசுவது சரியல்ல. அந்தக் கண்ணால் வந்த ஒருச்சாய்ந்த பார்வைதான் கொலம்போவின் ஆயுதமே. எதிரில் இருக்கும் பணக்காரக் கொலையாளிக்கு, இவன் நம்மைப் பார்க்கிறானா வேறு எதையோ பார்க்கிறானா என்றே தெரியாது.

நடுநிசி:
கண் விஷயம் நல்லாச் சொன்னீங்க சார், மறுக்கல. ஆனா கேரக்டர் அவருக்குன்னு எழுதினது இல்லையே? லெவின்சன், லிங்க்னு ரெண்டு எழுத்தாளர்கள் உருவாக்கினது. 1960-லயே பெர்ட் ஃப்ரீட் டிவியில பண்ணிட்டார், அப்புறம் மேடையில தாமஸ் மிட்செல். பிங் கிராஸ்பி வேணாம்னு சொன்ன பிறகுதான் இவர்கிட்ட வந்துச்சு. அடுத்தவனுக்குத் தச்ச சட்டை.

கணக்குப்பிள்ளை:
சட்டை அடுத்தவனுக்குத் தச்சதா இருக்கலாம், கோட்டு அவர் சொந்தக் காசுல வாங்கினது. நிஜமாவே! ஸ்டுடியோ குடுத்த உடுப்பு பிடிக்காம தன் வீட்டு அலமாரியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டது அது. காரையும் ஸ்டுடியோ கொட்டகையில அவரே போய்ப் பொறுக்கினார். 1972-ல ஒரு கதையை இயக்கவும் செஞ்சார்.

டீச்சரம்மா:
எல்லாரும் கொலம்போவையே சுத்திச் சுத்தி வர்றீங்க. 1974-ல வந்த 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' யாராவது பார்த்தீங்களா? டைரக்டர் கசவெட்டீஸ் படம். ஃபால்க் கட்டுமான வேலை மேஸ்திரி. மனைவி ஜீனா ரோலண்ட்ஸுக்கு மனசு சரியில்ல. ராத்திரி முழுக்க வேலை செஞ்சுட்டு விடியக்காலம் தன் ஆளுங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவார். அவ அத்தனை பேருக்கும் ஸ்பெகட்டி பண்ணிப் போடுவா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தனை ஆட வாங்கன்னு கூப்பிட ஆரம்பிப்பா. முதல்ல இவர் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வத்திப் போகும். திடீர்னு ஒரு அதட்டல். மேசை முழுக்க அமைதி, எல்லார் கையிலயும் முள்கரண்டி அப்படியே நிக்கும். அவளைக் கட்டுப்படுத்தவும் தெரியாம, ஆளுங்க முன்னாடி அவளை விட்டுக்குடுக்கவும் முடியாம அந்த முகம் படுற பாடு இருக்கே! கடைசியில ரெண்டு பேரும் பாத்திரத்தை எடுத்து வச்சுட்டுப் படுக்கையை விரிப்பாங்க. அவ்வளவு நடந்த பிறகு, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

எந்த ஸ்டுடியோவும் அந்தப் படத்துக்குக் காசு தரல. கசவெட்டீஸ் வீட்டை அடகு வச்சார், ஃபால்க் தன் கையிலேர்ந்து 5 லட்சம் டாலர் போட்டார். 1974! கொலம்போ டிவியில சக்கைபோடு போட்டுக்கிட்டிருந்த காலம். அந்தப் பணம் எந்தக் கோட்டுப் பையிலேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கிறீங்க தம்பி?

சுண்டல்:
டீச்சர் அடிச்சுட்டாங்க 🔥

நடுநிசி:
அடியெல்லாம் இல்ல. டீச்சர், நீங்க என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்றீங்க. இப்படி நடிக்கத் தெரிஞ்சவர் இதுமாதிரி எத்தனை பண்ணினார்? 'ஹஸ்பண்ட்ஸ்', நீங்க சொன்னது, எலெய்ன் மேயோட 'மைக்கி அண்ட் நிக்கி'. விரல் விட்டு எண்ணிடலாம்.

பழையரீல்:
விரல் விட்டு எண்ணும்படி மூன்று இருந்தாலே ஒரு நடிகனுக்குப் போதும். கொலம்போவிலும் அந்த நடிப்பு இருக்கிறது. 1973-இல் வந்த ஒயின் கதை நினைவிருக்கிறதா? டொனால்ட் பிளெசன்ஸ் ஒயின் ஆலை நடத்துபவர், கொலைகாரர். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு கொலம்போ அவருக்குக் கைவிலங்கு மாட்டுவதில்லை. பழைய காரை ஆலை அருகே நிறுத்தி, ஒரு நல்ல ஒயினை ஊற்றிக் கொடுப்பார். இந்த ஒயின்தான் பொருத்தம் என்று கண்டுபிடித்துவிட்டாயே, நன்றாகக் கற்றுக்கொண்டாய் என்று கொலைகாரர் மெச்சும்போது, ஃபால்க் முகத்தில் பள்ளிக்கூடப் பையனின் வெட்கம். இதை எந்த வசனகர்த்தாவும் எழுதிக் கொடுக்க முடியாது.

டீச்சரம்மா:
1987-ஐயும் சொல்லிடுறேன். விம் வெண்டர்ஸோட 'விங்ஸ் ஆஃப் டிசையர்'. சுவர் இடியாத பெர்லின். ஃபால்க் அதுல ஃபால்க்காவே வர்றார், ஆனா ஒரு காலத்துல தேவதூதரா இருந்து மனுஷனா மாறினவர். ரோட்டோரக் காபிக் கடையில நின்னுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத தேவதூதரா வர்ற புரூனோ கான்ஸ்கிட்ட பேசுவார். குளிர்ல ரெண்டு கையையும் தேய்ச்சுக்கிறது எவ்வளவு சுகம், காபி எவ்வளவு நல்லாருக்கும்னு சொல்லிட்டு, காத்துல கையை நீட்டுவார். தெருவுல போற பசங்க, இது கொலம்போ இல்லன்னு பேசிக்குவாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச முகமா இருந்தாத்தான் அந்தக் காட்சி எடுபடும். அந்த முகத்தைக் குடுத்தது எது?

நடுநிசி:
சரி. இதை ஒத்துக்கிறேன். அந்தக் காபிக் காட்சி எனக்கும் தொண்டையை அடைச்சுச்சு. அதே வருஷம் 'தி பிரின்சஸ் பிரைட்'ல பேரனுக்குக் கதை படிக்கிற தாத்தா வேற. அப்போ ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. 87-ல இவ்வளவு பண்ணினவர், 89-ல எதுக்குத் திரும்பிப் போனார்? ஏ.பி.சி. காலத்து 24-ல பாதியைப் பார்க்க முடியல. எல்லா சேட்டையும் ரெண்டு மடங்கு நீளம். 92-ல 'நோ டைம் டு டை'ன்னு ஒண்ணு, கொலையே இல்லாத கொலம்போ! வேற யாரோ எழுதின போலீஸ் நாவலுக்குள்ள இவரைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒண்ணுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனா 1990-ல பேட்ரிக் மெகூஹனோட பண்ணின 'அஜெண்டா ஃபார் மர்டர்'? ரெண்டு பேருக்குமே டிவிக்கான எம்மி விருது. ஃபால்க்குக்கு அது ஐந்தாவது.

நடுநிசி:
பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. 24-ல ஒண்ணு.

பழையரீல்:
மூன்று.

நடுநிசி:
சரி சார், மூணு. மத்த ரெண்டு எதுன்னு சொல்லுங்க, இன்னிக்கு ராத்திரியே திரும்பப் பார்த்துடறேன். பிடிக்கலேன்னா நாளைக்குக் காலையில இங்கேயே வந்து திட்டுவேன்.