புது மசில்லோடர் (வாய் வழியா மருந்தும் குண்டும் போடற துப்பாக்கி), மூணாவது குண்டு பேரல்ல இறங்கவே மாட்டேங்குது. என்ன தப்பு பண்றேன்?

மதுரைக்காரன்_பிஏ:

எல்லாருக்கும் வணக்கம். பென்சில்வேனியால ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கேன். ரெண்டு வருஷமா ஆபீஸ் நண்பர் கூட மான் வேட்டைக்குப் போறேன், துப்பாக்கி எல்லாம் அவரோடது தான். இந்த வருஷம் அக்டோபர்ல வர்ற அந்த ஒரு வாரம் மசில்லோடர் சீசனுக்கு (கொம்பில்லாத மான் மட்டும்) சொந்தமாவே ஒண்ணு வாங்கிட்டேன். .50 காலிபர் இன்லைன் (பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால உக்கார்ற புது மாடல்), 209 பிரைமர் (மருந்தைப் பத்த வைக்கற சின்னத் தொப்பி), 1:28 ட்விஸ்ட் (பேரல் உள் வரி 28 இஞ்சுக்கு ஒரு சுத்து), மேல 3-9 ஸ்கோப்.

போன சனிக்கிழமை பெட்டியைப் பிரிச்ச கையோட நேரா ரேஞ்சுக்குப் போயிட்டேன். 50 கிரெய்ன் (மருந்து, குண்டு அளக்கற அலகு) பெல்லட், அதாவது மருந்து வில்லை, ரெண்டு, மேல 250 கிரெய்ன் சபாட் புல்லட் (பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு). முதல் தடவை டிரிகர் இழுத்தா பிரைமர் மட்டும் "டப்"னு வெடிச்சுது, மருந்து பிடிக்கல. இன்னொரு பிரைமர் போட்டதும் தான் சுட்டுச்சு. 50 யார்டுல 2 இஞ்சு வலது பக்கம். சரின்னு ஸ்கோப்பைத் திருப்பினேன், அடுத்தது இடது பக்கம் மேல போச்சு, மறுபடி திருப்பினேன், மூணாவது குண்டு பாதி பேரலோட நின்னுடுச்சு, ராம்ராடு (குண்டை உள்ள தள்ளற கம்பி) மேல உடம்பு மொத்தத்தையும் சாச்சு தான் இறக்கினேன், உள்ளங்கை இன்னும் செவந்து கிடக்கு. அப்புறம் 100 யார்டுக்குப் போனா பேப்பர்லயே படல. ஒன்றரை மணி நேரத்துல 14 குண்டு காலி.

கோளாறு ஸ்கோப்லயா பேரல்லயா, இல்ல என்கிட்டயா? அப்படியே இன்னொண்ணு, நான் ஹெச்1பி தான், இதை வச்சிருக்கறது சட்டப்படி சரியான்னு வீட்டுல தினம் கேக்குறாங்க.

மிச்சிகன்_மாமா:

கோளாறு உன்கிட்ட தான் தம்பி, ஸ்கோப் பாவம், அதை விட்டுடு.

இது சாதா ரைஃபிள் இல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் பேரல் உள்ள கரி படியும், பெல்லட் வகையில அடியில மருந்து எரியற இடத்துக்குக் கொஞ்சம் மேல வளையம் மாதிரி கெட்டியா ஒண்ணு உருவாகும். அது மேல தான் உன் மூணாவது சபாட் மல்லுக்கட்டிருக்கு. ஒரு குண்டு லேசா இறங்குது, ஒண்ணு இறுகி இறங்குது, அப்ப அழுத்தம் மாறும், வேகம் மாறும், படற இடமும் மாறும். இந்த நிலையில நீ ஸ்கோப்பைத் திருப்பினது ஓடற கோழியைத் துரத்தின கதை தான்.

ஒவ்வொரு குண்டுக்கு நடுவுலயும் ஒரு துணி பேட்ச்சை எச்சில்ல நனைச்சு (சிரிக்காத, இங்க எல்லாரும் அப்படித் தான் பண்றாங்க) அடி வரைக்கும் விட்டு எடு, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை, அப்புறம் காய்ஞ்ச பேட்ச் ஒண்ணு. ரொம்ப சொட்டச் சொட்ட நனைச்சா தண்ணி ப்ரீச் பிளக் (பேரல் அடியை மூடற, பிரைமர் உக்கார்ற திருகு) உள்ள போய் அடுத்தது பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துடைக்கணும், அவ்வளவு தான் சூட்சுமம்.

முதல்ல பிரைமர் மட்டும் வெடிச்சுதுன்னியே, அது ஃபேக்டரி ஆயில். புதுத் துப்பாக்கில ஆயில் பூசித் தான் அனுப்புவான். நல்லா துடைச்சுட்டு, மருந்து எதுவும் போடாம, பேரலுக்குள்ள காய்ஞ்ச பேட்ச் ஒண்ணை அடி வரைக்கும் தள்ளி வச்சு, ராம்ராடை வெளிய எடுத்துட்டு (இதை மறந்து சுட்டவங்க இருக்காங்க), ரேஞ்சுல இலக்குப் பக்கம் நீட்டி ஒரு பிரைமர் அடி. பேட்ச்ல கருகின பொட்டு இருந்தா வழி திறந்திருக்குன்னு அர்த்தம்.

இங்க நவம்பர் 15 துப்பாக்கி சீசன் ஆரம்பம், ஊர்த் திருவிழா கணக்கு, சில ஊர்ல ஸ்கூலுக்கே லீவு. எனக்கு என்னமோ அந்தக் கூட்டம் ஆகாது, டிசம்பர் மசில்லோடர் சீசன் தான் பிடிக்கும்.

ஒஹாயோ_அக்கா:

மாமா சொன்னது அத்தனையும் சரி. ஆனா மருந்து பிடிக்காத விஷயத்தை அவ்வளவு லேசா விட்டுடாதீங்க. பிரைமர் வெடிச்சும் சுடலைன்னா துப்பாக்கியை இலக்குப் பக்கமே நீட்டிப் பிடிச்சு ரெண்டு நிமிஷமாவது அசையாம இருக்கணும். மருந்து உள்ள மெதுவா கனிஞ்சு லேட்டா வெடிக்கலாம். தம்பி உடனே திறந்து அடுத்த பிரைமர் போட்டிருப்பார்னு நினைக்கறேன். இனிமே வேண்டாம்.

அடுத்தது ராம்ராடுல கோடு போடறது. சுத்தமான பேரல்ல மருந்தும் குண்டும் சரியா உக்காந்ததும், பேரல் வாய் மட்டத்துக்கு ராம்ராடுல மார்க்கர்ல ஒரு கோடு. ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கோடு வாய்க்கு வருதான்னு பாருங்க. கோடு மேல நின்னா ஒண்ணு குண்டு பாதில நிக்குது, இல்ல பேச்சு சுவாரஸ்யத்துல மருந்து ரெண்டு தடவை போட்டாச்சு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காலி இடம் விட்டு சுட்டா பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். அந்த மூணாவது குண்டு கடைசி வரை போச்சான்னு தம்பிக்கே தெரிஞ்சிருக்காது, எனக்கு அதைப் படிச்சப்பவே வயித்தைக் கலக்கிடுச்சு.

ஸ்கோப்புக்கு வருவோம். சாதாரண ஸ்கோப்ல ஒரு கிளிக் 100 யார்டுல கால் இஞ்சு, 50ல அதுல பாதி தான். 25 யார்டுல ஒரு இஞ்சு நகர்த்த 16 கிளிக் வேணும். முதல்ல 25ல பேப்பருக்கு நடுவுல கொண்டு வாங்க, அப்புறம் 50, அப்புறம் 100. மூணு குண்டு சுட்டு அதோட நடுப்புள்ளியைப் பாத்துட்டு தான் திருகணும், ஒத்தக் குண்டைப் பாத்துத் திருகக் கூடாது. நடுவுல பத்து நிமிஷம் பேரல் ஆறட்டும். ஒன்றரை மணி நேரத்துல 14ங்கறது ஓட்டப் பந்தயம், பிளாஸ்டிக் சபாட்டுக்கு சூடான பேரல் ஒத்துக்காது.

நாங்க ஜனவரி குளிர்ல வேட்டைக்குப் போறவங்க, கையுறை போட்டுக்கிட்டு லோடு பண்ணியும் பழகிக்கோங்க, பெஞ்சுல எல்லாம் சுலபமா தான் இருக்கும்.

டெக்ஸாஸ்_தோட்டா:

எச்சில், பேட்ச், இதெல்லாம் எதுக்குங்க இந்தக் காலத்துல. பிளாக்ஹார்ன் 209 தூளுக்கு மாறுங்க, நடுவுல துடைக்காமலே வரிசையா சுடலாம். என்ன, விலை ஜாஸ்தி. அளக்கறது கொள்ளளவுல, 100 அளவுன்னா தராசுல 70 கிரெய்ன் தான் வரும், ரெண்டையும் குழப்பினா வம்பு. நல்ல சூடான 209 பிரைமர் வேணும், உங்க ப்ரீச் பிளக் அதுக்குத் தோதான்னு மேனுவல்ல பாருங்க. கழுவ சோப்புத் தண்ணி ஆகாது, சால்வென்ட் தான்.

மிச்சிகன்_மாமா:

தோட்டா சார், நல்ல தூள் தான், மறுக்கல. ஆனா சீசனுக்கு மூணு வாரம் இருக்கறப்ப மருந்தை மாத்தினா முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பச் சுட்டுப் பாக்கணும். பையன் கையில இருக்கறதை வச்சே ஒழுங்கா துடைக்கப் பழகட்டும். அப்புறம் புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு: எந்த மருந்துக்கு மாறினாலும் சாதா ரைஃபிள் தோட்டால வர்ற புகையில்லா மருந்தை இதுல போடவே கூடாது. அதுக்குன்னே செஞ்ச துப்பாக்கி தனியா இருக்கு. மத்ததுல போட்டா பேரல் கிழிஞ்சு விரல் போயிடும்.

பிளின்ட்லாக்_பெருசு:

நான் லாங்காஸ்டர் பக்கம். நீங்க எல்லாம் பேசறதைப் பாத்தா சிரிப்பு வருது, ஸ்கோப்பு, பிளாஸ்டிக் சபாட்டு, 209 பிரைமரு! கிறிஸ்துமஸ் முடிஞ்சு இங்க ஒரு சீசன் வரும், சிக்கிமுக்கிக் கல்லு துப்பாக்கி மட்டும் தான், இன்லைனுக்கு இடமில்ல. 18ஆம் நூற்றாண்டுல இதே லாங்காஸ்டர்ல ஜெர்மன் கொல்லருங்க செஞ்ச நீளத் துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன். துணில சுத்தின .490 உருண்டைக் குண்டு, அசல் கருமருந்து 70 கிரெய்ன், 1:66 ட்விஸ்ட். அசல் மருந்துல கந்தகம் இருக்கறதால கழுவறப்ப அழுகின முட்டை நாத்தம், வீட்டம்மா கராஜைத் தாண்டி உள்ள விட மாட்டா.

எங்க தாத்தா கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துக் காவலுக்கு லைசென்ஸோட நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தார், லைசென்ஸ்ல எஸ்.பி.எம்.எல்.னு (ஒத்தக் குழல் மசில்லோடர்) போட்டிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மானைச் சுட்டா ஜெயில் தான், அதனால அவர் சுட்டது எல்லாம் வானத்தைப் பாத்து. ஆனா மருந்து கெட்டிக்கறப்ப ஒரு வார்த்தை பேச மாட்டார், யாரையும் பேச விடவும் மாட்டார். கோயில்ல அதிர்வேட்டுக்கு மருந்து இடிக்கறவங்களும் அப்படித் தான். ரேஞ்சுல பக்கத்து பெஞ்சுக்காரன் "என்ன துப்பாக்கி இது"ன்னு கதை பேச வந்தா, லோடு பண்ணி முடிச்சுட்டுப் பேசறேன்னு சொல்லு தம்பி. அக்கா சொன்ன ரெட்டை மருந்து அப்படித் தான் விழுது.

ஹெச்1பி விஷயம்: ஃபெடரல் சட்டத்துல, கருமருந்துக்குன்னு செஞ்சு சாதா தோட்டா போட முடியாத மசில்லோடர் "ஃபயர்ஆர்ம்" கணக்குலயே வராது, பேரலை மாத்தி ரைஃபிளா ஆக்கற மாடல் தான் வரும். ஃபயர்ஆர்மாவே இருந்தாலும், நான்இமிக்ரன்ட் (உன்னை மாதிரி தற்காலிக) விசாக்காரங்களுக்குத் தடைன்னாலும் செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு. ஆனா மாநிலச் சட்டம் வேற, பக்கத்துல நியூ ஜெர்சில மசில்லோடரையும் துப்பாக்கியாத் தான் பாப்பாங்க, காருல போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடாத. சந்தேகம்னா உன் வக்கீலைக் கேளு, எங்களைக் கேக்காத.

மதுரைக்காரன்_பிஏ:

அண்ணே, அக்கா, மாமா எல்லாருக்கும் நன்றி. இந்த சனிக்கிழமை மறுபடி போனேன். ஆயில் துடைச்சு, பிரைமர் அடிச்சு பேட்ச்ல கரும்பொட்டு பாத்தேன், ராம்ராடுல கோடும் போட்டாச்சு. நாலு மணி நேரத்துல ஒம்பதே குண்டு. நடுவுல ரேஞ்சு ஆபீசர் இலக்கு மாத்த "சீஸ் ஃபயர்" சொன்னப்ப என்னோடது லோடாகி இருந்துச்சு, பிரைமரை எடுத்துட்டு அவர்கிட்ட சொல்லிட்டுத் தள்ளி நின்னேன். கடைசி மூணு குண்டு 100 யார்டுல ரெண்டு இஞ்சுக்குள்ள!

ஆனா ஒரு குழப்பம். அன்னிக்கு முதல் குண்டு, சுத்தமான பேரல்ல சுட்டது, மத்ததை விட மூணு இஞ்சு மேல படுது. காட்டுல நான் சுடப் போறது அந்த முதல் குண்டு தானே?

ஒஹாயோ_அக்கா:

அதே தான். சுட்டு அழுக்கான பேரலை ராத்திரி பூரா வச்சா துரு பிடிக்கும், அதனால காட்டுக்கு சுத்தமான பேரலோட தான் போவீங்க. அப்ப அந்தக் குண்டுக்குத் தான் ஸ்கோப் வைக்கணும். சீசனுக்குள்ள இன்னும் மூணு தடவை ரேஞ்சுக்குப் போங்க, ஒவ்வொரு தடவையும் அதே பழைய பேப்பரை மாட்டி, ஆயில் துடைச்சு பிரைமர் அடிச்ச ஆறின பேரல்ல ஒரே ஒரு குண்டு அதுல. மூணு நாள் ஓட்டை எங்க சேருதுன்னு பாத்துட்டுத் திருகுங்க. வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கே சுடுதண்ணி சோப்பு, ப்ரீச் பிளக் மரைக்கு கிரீஸ். மறந்தா அடுத்த வருஷம் கழட்டவே வராது.

மதுரைக்காரன்_பிஏ:

ஐயோ, அந்தப் பேப்பரைக் குப்பையில போட்டுட்டேனே. சரி, நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு போய் புதுசுல முதல் ஓட்டை.