தெருக் குழு, கானாடுகாத்தான்: ஜூலை 25 இரவு

எதிர் வீட்டு அக்கா, 6:52
நாளைக்குக் கார்கில் வெற்றி நாள். பாப்பா பள்ளியில் காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுகிறாள், மேஜர் சரவணனைப் பற்றி. அவள் எழுதியதைப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். ஹவில்தார் மாமா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

சென்னை தம்பி, 6:57
ஷோபியானில் இறந்தவர்தானே? அசோக சக்கரம் வாங்கியவர்?

ஹவில்தார் மாமா, 7:04
இல்லை தம்பி. அது மேஜர் முகுந்த் வரதராஜன், 2014. இவர் 1999. மாரியப்பன் சரவணன், பிகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். பிறந்தது நம் பக்கம்தான், ராமேசுவரம். குடும்பம் திருச்சி.

டீச்சர் அக்கா, 7:06
திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் அவர் பேரில் சாலையே இருக்கிறதே.

ஹவில்தார் மாமா, 7:15
ஆமாம் டீச்சர். பாப்பா, படித்தேன். கையெழுத்து அழகு. முதலில் பதக்கத்தைத் திருத்து. பரம் வீர் சக்கரம் என்று எழுதியிருக்கிறாய். அவருக்குக் கொடுத்தது வீர் சக்கரம். பரம் வீர், மகா வீர், அதற்கு அடுத்தது இது. வெள்ளியில் செய்தது. ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. உள்ளதைச் சொன்னாலே போதும் கண்ணு, கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர் வீட்டு அக்கா, 7:17
சரி மாமா. பாப்பா கேட்கிறாள்: 4268 என்று ஒரு எண் வருகிறதே, அது என்ன?

ஹவில்தார் மாமா, 7:29
அது அவர் ஏறிய மலையின் உயரம், மீட்டரில். அங்கே பல உச்சிகளுக்குப் பெயர் கிடையாது, உயரத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். 4268 என்றால் 14,000 அடி. கொடைக்கானல் 7,000 அடி, அதைப் போல இரண்டு மடங்கு. மரம் கிடையாது, புதர் கிடையாது, எல்லாம் கல். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே ஏறி வருகிறவன் நன்றாகத் தெரிவான். அதனால்தான் இருட்டில் ஏறுவார்கள். விடிந்துவிட்டால் ஒளிய இடம் கிடையாது.

ஹவில்தார் மாமா, 7:38
மே மாதத் தொடக்கத்தில்தான் படாலிக் பக்கத்து ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்னார்கள், எவனோ மேலே இருக்கிறான் என்று. எத்தனை பேர், என்ன துப்பாக்கி, யாருக்கும் சரியாகத் தெரியாத நேரம். அப்போதுதான் ஜூபர் மலையில் இவர் ஏறினார், மே 28 இரவு. 29 விடியும்போது ராக்கெட் லாஞ்சரால் பதுங்கு குழியை அடித்தார், இரண்டு பேர் விழுந்தார்கள். இவருக்கு வயிற்றில் சில்லு பாய்ந்தது. பின்வாங்கவில்லை. இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினார். அப்புறம் தலையில் குண்டு. 26 வயது, ஆகஸ்டு வந்திருந்தால் 27.

சென்னை தம்பி, 7:40
அப்போது நீங்களும் அங்கே இருந்தீர்களா மாமா?

ஹவில்தார் மாமா, 7:46
நான் லாரி ஓட்டினேன் தம்பி. திராஸ் பக்கம் இரவில் முன்விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம், வெளிச்சம் தெரிந்தால் மேலிருந்து குண்டு விழும். தமிழ் ஆபீசர் ஒருவர் போய்விட்டார், உடல் இன்னும் மேலேயே கிடக்கிறது என்று சாய் குடிக்கும் இடத்தில்தான் கேள்விப்பட்டேன். அன்று கையில் பிடித்திருந்த கிளாஸின் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குடிக்க முடியவில்லை.

ஹவில்தார் மாமா, 7:55
பாப்பா, நீ எழுதியதில் விட்டுப்போனது இதுதான். அவர் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையில் கிடந்தது. எடுக்கப் போனவர்களையும் சுட்டார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் கீழே கொண்டுவர முடிந்தது. அதுவரை திருச்சியில் அவருடைய அம்மா காத்திருந்தார். மகன் இல்லை என்று தெரியும், முகம் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தை இதற்குக் கொடு.

மூலை வீட்டு ஆச்சி, 8:08
பேத்தியைத் தட்டச் சொல்லிச் சொல்கிறேன் தம்பி. எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் நடந்தே கிளம்பியதாக, கூட வந்தவர் ஒருவர் சொன்னார். ஐயா வந்து சேரவில்லை. காடா, காய்ச்சலா, எதுவும் தெரியாது. அப்பத்தா 11 வருடம் தாலியைக் கழற்றவில்லை. பெட்டகத்தில் அவர் வேட்டி துண்டை வெயிலில் போட்டுப் போட்டு மடித்து வைப்பார்கள். பொழுது சாய்ந்தால் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்ப்பார்கள். நான் சின்னப் பிள்ளை, மடியில் படுத்திருப்பேன். அந்தத் திருச்சி அம்மா பிள்ளையைப் பார்த்தார்களே, அதுவாவது கிடைத்தது.

டீச்சர் அக்கா, 8:11
ஆச்சி...

எதிர் வீட்டு அக்கா, 8:14
பாப்பா இதைப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடியும் எழுதுகிறாளாம்.

ஹவில்தார் மாமா, 8:20
எழுதட்டும். கூட இறந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாயக் என்பது ராணுவப் பதவி. பிகார்க்காரர். அதே நாள், அதே மலை, அவருக்கும் வீர் சக்கரம். தமிழ்நாட்டில் அவர் பேரை யாரும் சொல்வதில்லை. அவர் வீட்டிலும் காத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்.

எதிர் வீட்டு அக்கா, 9:03
எழுதிவிட்டாள். "நாம் கோடை விடுமுறையில் இருந்த மே 29 அன்று" என்று தொடங்கியிருக்கிறாள். டீச்சர், 1999இல் இவர்கள் பிறக்கவே இல்லையே, "நாம்" சரியா?

டீச்சர் அக்கா, 9:05
"பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கோடை விடுமுறையில் இருந்த" என்று போடட்டும்.

மூலை வீட்டு ஆச்சி, 9:09
காலையில் போகும்போது பாப்பாவை எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை பேசிவிட்டுப் போகச் சொல்லு. எனக்குக் கேட்க வேண்டும்.

எதிர் வீட்டு அக்கா, 9:12
வருகிறாள் ஆச்சி. மாமா, பாப்பா கேட்கிறாள்: முதலில் மேஜர், அப்புறம் நாயக். இரண்டு பேரையும் ஒரே வரியில் சொல்லலாமா?

ஹவில்தார் மாமா, 9:13
ஒரே வரியில்தான் சொல்ல வேண்டும். நானும் ஆச்சி வீட்டு வாசலுக்கு வருகிறேன்.