ரூய்போஸ் டீ: குடிச்சவங்க வந்து சொல்லிட்டுப் போங்க

கேப்டவுன்வாசி:
மேல ரெண்டு மூணு பேர் "மரப்பட்டை ஊறின தண்ணி மாதிரி இருக்கு, காசு தண்டம்"னு எழுதியிருக்கீங்களே, அதைப் பார்த்துட்டுதான் டைப் பண்றேன். டீ பேக்கை வெந்நீர்ல ரெண்டு முக்கு முக்கி எடுத்தா அப்படித்தாங்க இருக்கும். இது தேயிலையே கிடையாது. நம்ம துவரை, அவரை இருக்கே, அந்தக் குடும்பத்துச் செடி, இங்க தென்னாப்பிரிக்கால விளையுறது. இலை ஊசி ஊசியா இருக்கும், சாறு இறங்க நேரம் எடுக்கும். எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி காலைல பாத்திரத்துல போட்டு அடுப்பை சிம்ல வெச்சுட்டு குளிக்கவே போயிடுவாங்க, வந்து வடிகட்டி பால் சர்க்கரை போட்டுக் குடிப்பாங்க. சாதா டீயை அப்படி விட்டீங்கன்னா துவர்ப்பு ஏறி வாய்ல வைக்க முடியாது. இதுல அந்தத் துவர்ப்பைக் குடுக்கிற டானின் கம்மி, எவ்ளோ கொதிச்சாலும் கசக்காது, கலரும் அந்த லேசான தேன் வாசமும்தான் ஏறும். சர்க்கரை போடலைன்னாலும் நாக்குல ஒரு இனிப்பு நிக்கும்.

அறுவடை சமயத்துல வீட்டுக்காரரோட கிளான்வில்லியம் பக்கம் போயிருந்தேன். கேப்டவுன்ல இருந்து வடக்கே என்7 ரோட்ல சுமார் 230 கிலோமீட்டர், சிட்ரஸ்டால் ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் தாண்டினா செடர்பெர்க் மலை வரும், உலகத்துல விக்கிற ரூய்போஸ் எல்லாம் இந்த மலையைச் சுத்தி இருக்கிற ஏரியால இருந்துதான் வருது. வெளிநாட்டுல நட்டுப் பார்த்திருக்காங்க, வியாபாரம் பண்ற அளவுக்கு வரலையாம். அமிலத்தன்மை உள்ள மணல் மண்ணு, குளிர்காலத்துல மழை, கோடைல நெருப்பு வெயில், அந்த வறட்சியைத் தாங்க வேர் ரெண்டு மீட்டர் வரைக்கும் கீழ போகும். ஜனவரிதான் இங்க கோடை, அப்ப ஆரம்பிச்சு சுட்டெரிக்கிற வெயில்ல குனிஞ்சு அரிவாளால அறுத்துக் கட்டு கட்டுறாங்க, பார்க்கவே முதுகு வலிக்குது.

அறுத்ததைப் பொடிப்பொடியா வெட்டி, நசுக்கி, தண்ணி தெளிச்சு திறந்த களத்துல நீளமா குவிச்சு வெச்சுடுறாங்க. நாங்க சாயந்தரம் பார்த்தப்போ பச்சைப்பசேல்னு இருந்தது, மறுநாள் காலைல போனா செங்கல் கலர்! அங்க வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர் குவியலுக்குள்ள கைய விட்டு ஒரு பிடி எடுத்து மூக்குகிட்ட கொண்டுபோனார், எங்களையும் கைய விடச் சொன்னார், உள்ள நல்ல சூடு. பச்சை வாசம் போய் இனிப்பு வாசம் வந்துடுச்சான்னு மூக்கை வெச்சேதான் முடிவு பண்றாராம். அதுக்கப்புறம் மெல்லிசா பரப்பி வெயில்ல காயவிட்டு சலிக்கிறாங்க. இந்தப் புளிக்க வைக்கிற வேலையைச் செய்யாம உடனே காயவெச்சா கிரீன் ரூய்போஸ், அது கொஞ்சம் புல் வாசமா இருக்கும், எனக்கு ஒத்துவரலை.

இந்தப் பக்கத்து பூர்வகுடிகளான கோய், சான் மக்கள் இந்தச் செடியைக் காலங்காலமா பயன்படுத்துறவங்க. 1904ல பெஞ்சமின் கின்ஸ்பெர்க்னு ரஷ்யாவுல இருந்து வந்த யூத வியாபாரி அதை வாங்கி வெளிய விக்க ஆரம்பிச்சார். 1930 வாக்குல கிளான்வில்லியம் டாக்டர் நோர்ட்டியர் விதை முளைக்க வைக்க வழி கண்டுபிடிச்சதும் காட்டுச்செடி பண்ணைச்செடி ஆச்சு. விதை ரொம்ப குட்டி, காய் முத்தினதும் வெடிச்சு மணல்ல தெறிச்சிடும், எறும்பு இழுத்துட்டுப் போறதைப் பார்த்து ஒரு அம்மா எறும்புப் புத்துல இருந்து விதை எடுத்தாங்கன்னு அந்த ஊர்ல ஒரு கதை சொல்றாங்க. அதெல்லாம் சரி, முதல்ல தெரிஞ்சு வெச்சிருந்த கோய், சான் ஜனங்களுக்கு பங்கு கிடைக்க 2019ல தான் ஒப்பந்தமே வந்தது, பண்ணை விலைல 1.5 சதவீதம். இதை நினைச்சா எனக்கு கடுப்பாதான் இருக்கு.

ரெண்டு பசங்க அப்பா:
அக்கா சூப்பரா எழுதியிருக்கீங்க. நான் ஜோகன்னஸ்பர்க்ல இருக்கேன், இங்க கைக்குழந்தை வீட்டுக்கு யார் வந்தாலும் "ரூய்போஸ் குடுங்க"ன்னுதான் முதல் அட்வைஸ். 1968ல அனெட்ஜி தெரோன்னு ஒரு அம்மா, ஓயாம அழுத தன் குழந்தைக்கு பால்ல இதைக் கலந்து குடுத்ததும் அழுகை நின்னுச்சுன்னு சொல்லி, அதுல இருந்து நாடு முழுக்க இது பரவிடுச்சு. எங்க சின்னவனுக்கும் குடுக்கச் சொல்லி மாமியாருக்கே போன் போட்டு சொல்லிட்டாங்க ஃப்ரெண்ட்ஸ்! எங்க டாக்டர் முடியாதுன்னுட்டார், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம்னு. நாங்களும் குடுக்கலை. இப்ப பெரியவன் ஸ்கூல் விட்டு வந்ததும் ஐஸ் போட்டு எலுமிச்சை பிழிஞ்சு குடிக்கிறான், கஃபீன் சுத்தமா இல்லாததால நானும் தடுக்கிறதில்ல.

நைட் ஷிஃப்ட்:
சென்னைல இருந்து. நமக்கு ராத்திரி வேலை, காபி டீ குடிச்சுட்டு காலைல வீட்டுக்கு வந்து தூக்கம் வராம கொட்டக் கொட்ட முழிச்சிட்டு கிடப்பேன். ஷிஃப்டோட கடைசி ரவுண்டை மட்டும் இதுக்கு மாத்தினேன், இப்ப படுத்தா தூக்கம் வருது. இது தூங்க வைக்கிற மருந்துன்னு சொல்ல வரலைங்க, கெடுக்கிற சமாச்சாரம் இதுல இல்ல, அவ்ளோதான். கடைல பாக்கெட் மேல சுகர், பிரஷர், வெயிட் லாஸ்னு என்னென்னமோ போட்டிருக்கான். அஸ்பலாத்தின்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் இந்தச் செடில இருக்கிறது உண்மை, ஆனா அதுவும் புளிக்க வைக்கும்போது நிறைய போயிடும், சிவப்பு டீயைக் குடிச்சுட்டு சுகர் மாத்திரையை நிறுத்திடாதீங்க மக்களே. அக்கா, நீங்க சொன்ன மாதிரி கொதிக்க வைக்க அளவு என்ன? பாலோட சேர்த்தே கொதிக்க விடலாமா?

கேப்டவுன்வாசி:
தம்பி, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தூள், தண்ணில மட்டும் போட்டு சிம்ல எட்டு பத்து நிமிஷம் விடுங்க, சுண்டும்னு தண்ணி கொஞ்சம் தாராளமாவே வைங்க. நல்ல செம்பு கலர் வந்ததும் பால். முதல்லயே பாலை ஊத்திட்டா சாறு சரியா இறங்காது. இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டா நல்லா சேருது, நான் தினம் அப்படித்தான் போடுறேன். டீ பேக்தான் கிடைக்குதுன்னா ஒரு கப்புக்கு ரெண்டு போட்டு மூடி வெச்சுடுங்க. இன்னொண்ணு, "ரூய்போஸ் மசாலா"ன்னு வர்ற பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க, சிலதுல சாதா டீத்தூளும் கலந்திருக்கும், அதைக் குடிச்சுட்டு தூக்கம் வரலைன்னு இங்க வந்து திட்டாதீங்க.