16 வயதுத் தம்பியின் கிரிப்டோ சூதாட்டம்: யாரிடம் முறையிடுவது?

அனைவருக்கும் வணக்கம். 16 வயதான என் தம்பி, கிரிப்டோ நாணயத்தில் இயங்கும் ஓர் இணையச் சூதாட்டத் தளத்தில் நான்கு மாதங்களாக விளையாடி, தன் சேமிப்பையும் அம்மாவின் கார்டிலிருந்து எடுத்த பணத்தையும் இழந்திருக்கிறான் என்பது சென்ற வாரம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இரவு இரண்டு மணிக்கு, போர்வைக்குள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த கைப்பேசியில் அந்தச் சூதாட்டச் சக்கரம் சுழன்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

கணக்குத் தொடங்க அந்தத் தளம் கேட்டதெல்லாம், '18 வயது நிறைந்துவிட்டது' என்ற கட்டத்தில் ஒரு டிக் மட்டுமே. பணம் கட்டும்போது கேட்காத அடையாள அட்டையை, அவன் ஒருமுறை ஜெயித்த தொகையை எடுக்க முயன்றபோது கேட்டிருக்கிறார்கள். வயதைச் சரிபார்க்கும் வழி அவர்களிடம் இருந்தும் அதை உள்ளே நுழையும் வாசலில் வைக்காமல், வெளியேறும் வாசலில் மட்டுமே வைத்திருந்தார்கள் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளையைக் கவனிக்காதது பெற்றோரின் தவறு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தளத்தைத் தன் இணைய நேரலையில் அறிமுகப்படுத்தியவருக்கும், உரிமம் வழங்கிய நாட்டுக்கும் பொறுப்பே கிடையாதா?

கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பிளாக்செயினில் ஒருமுறை அனுப்பிய பணத்தை, வங்கியிடம் முறையிட்டுத் தடுக்க முயல்வதுபோலத் தடுத்துத் திரும்பப் பெற இயலாது என்பதை அறிவேன். தளத்தின் அடியில், கரீபியன் கடலிலுள்ள குராசாவ் தீவு வழங்கிய சூதாட்ட உரிமத்தின் எண் இருக்கிறது. கிரிப்டோ வாலெட் (மின் பணப்பை) முகவரி, பரிமாற்ற எண்கள், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். இவற்றைக் கொண்டு முதலில் உரிம ஆணையத்திடம் முறையிடுவதா, கிரிப்டோ நாணயம் வாங்கிய எக்ஸ்சேஞ்சிடமா (நாணயம் வாங்கி விற்கும் தளம்), சைபர் காவல் பிரிவிடமா? வளரிளம் பருவத்தினரின் சூதாட்டப் பழக்கத்தைக் கையாண்ட மனநல ஆலோசகர்கள் இங்கிருந்தால், அவனிடம் எப்படிப் பேசத் தொடங்குவது என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.